கிளகோலிட்டிக் எழுத்துகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்லாவ மொழிகளின் எழுத்து என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது சிரிலிக். ரஷ்ய, பல்கேரிய, செர்பிய நூல்களில் பார்க்கிறோமே, அதுதான். அதற்கு மூத்த எழுத்து ஒன்று உண்டு: கிளகோலிட்டிக். 9ஆம் நூற்றாண்டில் தெசலோனிக்காவில் பிறந்த கான்ஸ்டன்டைன் இதை உருவாக்கினார் என்பதே அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் முடிவு. சிரில் என்பது அவர் துறவியானபோது எடுத்துக்கொண்ட பெயர். 863 வாக்கில் அவரும் அவருடைய அண்ணன் மெத்தோடியஸும் மொராவியாவுக்குச் சமயப் பணிக்காகப் போனார்கள். அங்கே வழிபாட்டு நூல்களை மக்களின் மொழியிலேயே எழுத இந்த எழுத்து தேவைப்பட்டது. சிரிலின் பெயரைத் தாங்கிய சிரிலிக் அதற்குப் பிறகுதான் பல்கேரியாவில் உருவானது.

பல்கேரியா, மாசிடோனியா பக்கம் கிளகோலிட்டிக் சில நூற்றாண்டுகளில் ஒதுங்கிவிட்டது. குரோவேசியாவின் கடற்கரையிலும் தீவுகளிலும் மட்டும் 19ஆம் நூற்றாண்டு வரை தேவாலயங்களில் உயிரோடு இருந்தது. 1483இல் அச்சான குரோவேசியாவின் முதல் நூலே கிளகோலிட்டிக்கில் வந்த திருப்பலி நூல்தான். இன்று சுவடிகளின் நல்ல படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் படம் என்பது படம்தான். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, இரண்டு சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிட முடியாது. படத்தை உரையாக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் சரியான குறியெண்ணைத் தர வேண்டும். அந்த வேலையை எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் நின்று யோசிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் அட்டவணையைப் பழகிக்கொள்ளுங்கள்

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் தரும் யூனிகோடு தரத்தில், கிளகோலிட்டிக் 2005இல் 4.1 பதிப்பில் சேர்ந்தது. அதற்கான முன்மொழிவைத் தயாரித்தவர்கள் மைக்கேல் எவர்சன், ரால்ஃப் கிளெமின்சன் இருவரும். அதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் கிளகோலிட்டிக் வடிவத்தைப் பொருத்திவிடுவார்கள். நம் பாமினி எழுத்துருக் காலத்தை நினைத்துப் பாருங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உரை முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியுமே, அதே கதைதான்.

யூனிகோடு அட்டவணைகளில் எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும். இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் தசம எண்ணாக மாற்றித் தருகிறேன். வலைப்பக்கத்தில் தசம எண்ணை நேரடியாகவே பயன்படுத்தலாம்.

முதன்மைத் தொகுதி 11264இல் தொடங்கி 11359இல் முடிகிறது. மொத்தம் 96 இடங்கள். முதல் 48 பெரிய எழுத்துகள், அடுத்த 48 சின்ன எழுத்துகள். எந்தப் பெரிய எழுத்தின் எண்ணோடும் 48ஐக் கூட்டினால் அதன் சின்ன எழுத்து வந்துவிடும். முதல் எழுத்தான அஸு, சிலுவை போன்ற வடிவம் கொண்டது. பெரிய அஸு 11264, சின்ன அஸு 11312. இந்தக் கணக்கு ஒன்று மனதில் இருந்தால் பாதி அட்டவணை தேவையே இல்லை.

2005இல் 47 எழுத்துகளுக்குத்தான் இடம் கொடுத்தார்கள். பெரியதிலும் சின்னதிலும் கடைசி இடம் காலியாக இருந்தது. 2021இல் வந்த யூனிகோடு 14 அந்த இரண்டு இடங்களையும் நிரப்பியது. அதனால் 11311, 11359 ஆகிய இரண்டும் பழைய எழுத்துருக்களில் வெறும் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், குறை உங்கள் கோப்பில் இல்லை.

எழுத்துரு

இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. கூகுளின் நோட்டோ குடும்பத்தில் 'நோட்டோ சான்ஸ் கிளகோலிட்டிக்' இலவசமாகக் கிடைக்கிறது. பழைய ஸ்லாவோனிய உரைகளை ஆய்வுத் தரத்தில் வெளியிட நினைப்பவர்களுக்கு 'ஷஃபாரிக்' எழுத்துரு நல்லது. கிளகோலிட்டிக், பழைய சிரிலிக் இரண்டும் ஒரே எழுத்துருவில் இருக்கின்றன. இரண்டையும் நிறுவிவிடுங்கள். ஒன்றில் தெரியாதது மற்றொன்றில் தெரிகிறதா என்று பார்ப்பதே, கோளாறு எழுத்துருவிலா உரையிலா என்று கண்டுபிடிக்க எளிய வழி.

ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள்

குரோவேசியாவின் கிர்க் தீவில், பாஷ்கா ஊருக்கு அருகே யுராந்த்வோரில் புனித லூசியா தேவாலயம் இருக்கிறது. அங்கே 1851இல் கண்டெடுக்கப்பட்ட பெரிய சுண்ணாம்புக் கல்வெட்டு பாஷ்காப் பலகை என்று பெயர் பெற்றது. காலம் ஏறக்குறைய 1100. மன்னர் ஸ்வோனிமிர் இந்தத் தேவாலயத்துக்கு நிலம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. மூலக்கல் இப்போது சாக்ரெபில் உள்ள அறிவியல் கலைக் கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

மன்னரைக் குறிக்கும் 'கிரால்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். காகோ, ரிட்ஸி, அஸு, ல்யுதியே, கடைசியில் யெரு என்ற குற்றுயிர் (மிகக் குறுகி ஒலிக்கும் உயிர்) எழுத்து. மொத்தம் 5 எழுத்துகள். சின்ன எழுத்தில் இவற்றின் எண்கள் முறையே 11325, 11331, 11312, 11326, 11343. வலைப்பக்கக் கோப்பில் இப்படி எழுதுங்கள்:

ⰽⱃⰰⰾⱏ

கோப்பை உலாவியில் திறந்தால் 5 கிளகோலிட்டிக் எழுத்துகள் வரிசையாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் உங்கள் கணினி தயார். அங்கிருந்து சொல்லை நகலெடுத்து வேர்டு கோப்பிலோ குறிப்பேட்டிலோ ஒட்டிப் பாருங்கள். அங்கும் அப்படியே வர வேண்டும்.

வேர்டில் நேராக அடிக்க வேண்டுமென்றால், யூனிகோடு அட்டவணையில் உள்ள பதினாறடி எண்ணை அடித்துவிட்டு ஆல்ட், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்தாக மாறிவிடும். நாலைந்து சொல்லுக்கு இது போதும். பக்கம் பக்கமாக அடிக்கப்போகிறீர்கள் என்றால் சொந்தமாக ஒரு விசைப்பலகை அமைப்பு செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று நீங்களே முடிவு செய்வதால், அட்டவணையும் தானாக மனப்பாடமாகிவிடும்.

பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். பழைய சுவடிகளில் அந்த வேறுபாடே கிடையாது. பிற்கால அச்சு நூல்களுக்காகத்தான் யூனிகோடு இரண்டையும் வைத்திருக்கிறது. உரை முழுவதையும் சின்ன எழுத்தில் அடித்து, சுவடியில் பெரிதாக வரைந்த தொடக்க எழுத்துகளுக்கு மட்டும் பெரிய எழுத்தைப் பயன்படுத்துவது நல்ல வழக்கம். பாஷ்காப் பலகைக்குச் சின்ன எழுத்தே போதும்.

வடிவத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள்

வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். நிதானமாகப் படியுங்கள்.

கிளகோலிட்டிக்கில் இரண்டு பெரிய பாணிகள் உண்டு. பல்கேரிய, மாசிடோனியச் சுவடிகளில் வளையம் வளையமாக வரும் வட்டப் பாணி. குரோவேசியாவில் பின்னால் வளர்ந்த கோணப் பாணி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு எழுத்துமுறைகள் என்றே தோன்றும். ஆனால் யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே எண்தான். அட்டவணையில் வட்ட வடிவம் அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு, கோணப் பாணிக்குத் தனி எண் எங்கே என்று தேடக் கூடாது. பாணி என்பது எழுத்துருவின் வேலை. பாஷ்காப் பலகையோ இரண்டுக்கும் நடுவே மாறிக்கொண்டிருக்கும் காலத்தது. அதையும் அதே எண்களில்தான் ஏற்ற வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வடிவம் ஒன்றாகவே இருக்கும், எண் வேறாக இருக்கும். கிளகோலிட்டிக் 'ஷா'வும் சிரிலிக் 'ஷா'வும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்: மேல்நோக்கிய மூன்று கால்கள், அடியில் ஒரு கோடு. கிளகோலிட்டிக் சின்ன ஷாவின் எண் 11342. சிரிலிக் சின்ன ஷாவின் எண் 1096. ரஷ்ய விசைப்பலகை கைவசம் இருப்பவர்கள் அவசரத்தில் சிரிலிக் ஷாவைத் தட்டிவிடுவார்கள். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. பிறகு தேடும்போதுதான் அந்தச் சொல் அகப்படாது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் 1024 முதல் 1279 வரையிலான சிரிலிக் எண்கள் உரைக்குள் புகுந்திருக்கின்றனவா என்று ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள். வேண்டுமென்றே இட்ட சில குறிகள் மட்டும்தான் அகப்பட வேண்டும். அவை என்ன என்று கீழே வருகிறது.

அப்புறம் 'இ' ஒலி. இதற்கு மூன்று எழுத்துகள்: இஷே 11273, தொடக்க இஷே 11274, இ 11275. மூன்றும் பெரிய எழுத்தின் எண்கள்; இந்தப் படியில் இனி வரும் கிளகோலிட்டிக் எண்களும் அப்படியே. சிரிலிக்கிலோ லத்தீனிலோ பெயர்த்தெழுதிய பதிப்பை வைத்துக்கொண்டு திரும்பக் கிளகோலிட்டிக்குக்கு மாற்ற முயன்றால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். பெயர்த்தெழுதியவர் மூன்றையும் ஒரே எழுத்தாக்கியிருக்கலாம். சுவடியில் எது இருந்தது என்பதைச் சுவடிப் படம்தான் சொல்லும். தானாக மாற்றித் தரும் நிரலை நம்பி ஒரு நூல் முழுவதையும் ஏற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன். இல்லாத தகவலை எந்த நிரலும் உண்டாக்கித் தராது.

குற்றுயிர்களில் பெயர்க் குழப்பம் உண்டு. யெரு என்பது 11295, யெரி என்பது 11296. ரஷ்ய மொழி தெரிந்தவர்களுக்கு 'யெரி' என்றதும் வேறொரு உயிரெழுத்து நினைவுக்கு வரும். அந்த உயிருக்குக் கிளகோலிட்டிக்கில் தனி எண்ணே கிடையாது. யெரு, அதன் பின்னால் இ வகை எழுத்துகளில் ஒன்று என்று இரண்டாகத்தான் அடிக்க வேண்டும். குரோவேசியச் சுவடிகளில் குற்றுயிர் ஒரு சின்னக் குச்சியாகச் சுருங்கிவிட்டது. அந்த ஷ்டாபிச்சுக்கு மட்டும் 11308 என்று தனி எண் இருக்கிறது.

இப்படித் தனி இடம் பெற்ற இன்னொன்று லத்தீன் சாயல் கொண்ட மிஸ்லிதே. 'ம்' ஒலிக்கான பழைய மிஸ்லிதே நான்கு வளையங்களோடு எழுதச் சிரமமானது, எண் 11279. குரோவேசிய எழுத்தர்கள் லத்தீன் வடிவத்தை ஒட்டி எளிதாக்கிக்கொண்டார்கள், அது 11310. உங்கள் சுவடியில் எந்த வடிவம் இருக்கிறதோ அந்த எண்ணையே கொடுங்கள்.

பாஷ்காப் பலகையில் சில இடங்களில் லத்தீன், சிரிலிக் எழுத்து வடிவங்களும் கலந்திருக்கின்றன. அவற்றை என்ன செய்வது? கல்லில் இருப்பதை அப்படியே காட்ட லத்தீன் எண்ணைக் கொடுக்கலாம். சொல்லைத் தேடக் கிடைக்க வேண்டும் என்றால் கிளகோலிட்டிக் எண்ணைக் கொடுத்துக் குறிப்பில் விளக்கலாம். நான் இரண்டாவது பக்கம். செதுக்கியவர் கிளகோலிட்டிக் சொல்லைத்தான் எழுதினார், வடிவத்தை மட்டும் இரவல் வாங்கினார். எந்தப் பக்கம் போனாலும் சரி, நூல் முழுவதும் ஒரே முறையில் செய்யுங்கள்.

மேலே ஏறிய எழுத்துகள்

எழுத்தர்கள் எழுதும் தோலையும் நேரத்தையும் மிச்சப்படுத்தச் சொற்களைச் சுருக்குவார்கள். சுருக்கிய சொல்லின் மேல் ஒரு கோடு இடுவார்கள். அதற்குத் தித்லோ என்று பெயர். சில நேரம் விட்டுப்போன எழுத்தையே பொடியாக மேலே எழுதிவிடுவார்கள்.

அப்படி மேலே ஏறும் எழுத்துகளுக்காக 2016இல் யூனிகோடு 9இல் துணைத்தொகுதி ஒன்று வந்தது. அதில் 38 எழுத்துகள் இருக்கின்றன, 122880இல் தொடங்குகிறது. அழகான ஏற்பாடு: பெரிய எழுத்தின் எண்ணோடு 111616ஐக் கூட்டினால் மேலேறும் எழுத்து. ஸ்லோவோ 11284, மேலேறும் ஸ்லோவோ 122900. ஆனால் எல்லா எழுத்துக்கும் இந்தக் கணக்கு போடாதீர்கள். சேலோ, ஓது, பே போன்ற சில எழுத்துகளுக்கு மேலேறும் வடிவம் சேர்க்கப்படவில்லை. அந்த இடங்கள் காலி. காலி எண்ணை உரையில் வைத்தால் இன்று கட்டமாகத் தெரியும். நாளை யூனிகோடு அங்கே எதை வைத்தாலும் உங்கள் உரையில் அது வந்து உட்கார்ந்துவிடும்.

அடிக்கும் வரிசை முக்கியம். முதலில் கீழே உள்ள எழுத்து, அடுத்து மேலேறும் எழுத்து, அதற்கும் மேலே கூரைபோல வளைந்த குறி இருந்தால் அது கடைசியில். அந்தக் கூரைக்குறியின் பெயர் பொக்ரிதியே, எண் 1159. சிரிலிக் தொகுதியில் இருந்தாலும் கிளகோலிட்டிக்குக்கும் அதேதான். மென்மைக்குறி 1156ம் அப்படியே. சிரிலிக் எண்களைத் தேடும்போது அகப்பட்டாலும் விட்டுவிட வேண்டிய குறிகள் இவைதான். இந்த மேற்குறிகள் எல்லாம் யூனிகோடின் கணக்கில் ஒரே வகுப்பு என்பதால், நீங்கள் தவறான வரிசையில் அடித்தால் எந்த மென்பொருளும் அதைத் திருத்தி அடுக்கித் தராது.

குரோவேசியச் சுவடிகளில் இரண்டு மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டு ஒரே உருவாக நிற்பதும் நிறைய. ஒட்டெழுத்துக்கு எண் தேடாதீர்கள். எழுத்துகளைத் தனித்தனியாக அடித்துவிடுங்கள். ஒட்டிக் காட்டுவது எழுத்துருவின் பாடு. 57344 முதல் 63743 வரையுள்ள தனிப்பயன் பகுதியில் யாராவது ஒட்டெழுத்துகளை வைத்திருந்தால் அந்த உரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுடைய எழுத்துரு இல்லாத இடத்தில் அதற்கு அர்த்தமே இல்லை.

எண்களில் ஏமாந்துவிடாதீர்கள்

எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. எழுத்தின் மேலே கோடு இடுவார்கள், அல்லது இரண்டு பக்கமும் நடுப்புள்ளி வைப்பார்கள். நடுப்புள்ளியின் எண் 183.

ஆபத்து இருப்பது மதிப்பில். கிளகோலிட்டிக்கில் அகரவரிசைப்படியே மதிப்பு ஏறும்: அஸு 1, புகி 2, வெதே 3, கிளகோலி 4, தோப்ரோ 5. சிரிலிக்கோ கிரேக்கத்தைப் பின்பற்றியது. அதில் புகிக்கு எண் மதிப்பு கிடையாது, அதனால் வெதே 2, கிளகோலி 3, தோப்ரோ 4 என்று ஒன்று குறைந்துவிடும். காகோவில் வித்தியாசம் இன்னும் பெரியது: கிளகோலிட்டிக்கில் 40, சிரிலிக்கில் 20. ரிட்ஸிக்கு வரும்போது இரண்டிலும் 100 என்று ஒன்றாகிவிடுகிறது. ஆகவே கிளகோலிட்டிக் உரையைச் சிரிலிக்குக்கு எழுத்துக்கு எழுத்து மாற்றும்போது எண்களும் சேர்ந்து மாறிவிடும். ஒரு சாசனத்தின் ஆண்டு பிறழ இது ஒன்றே போதும். எண்ணாக வரும் ஒவ்வொரு இடத்தையும் அடையாளமிட்டு, அதன் மதிப்பை வழக்கமான இலக்கத்தில் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

நிறுத்தக்குறிகளில் பெரிய சிக்கல் இல்லை. மூன்று புள்ளிக் குறி 8278, நான்கு புள்ளி 8280, ஐந்து புள்ளி 8281. முற்றுப்புள்ளிகளை அடுக்கி இவற்றைப் போலச் செய்ய வேண்டாம்.

சேமித்து வைப்பது

கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். முதன்மைத் தொகுதியின் ஒவ்வொரு எழுத்தும் 3 பைட்டுகள். பெரிய அஸுவைத் திறந்து பார்த்தால் 226, 176, 128 என்று இருக்கும். தமிழ் எழுத்துக்கும் இதே 3 பைட்டுதான் என்பதால் தமிழைச் சரியாகக் கையாளும் மென்பொருள் பெரும்பாலும் இதையும் கையாளும். மேலேறும் எழுத்துகள் மட்டும் 4 பைட்டுகள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய யுடிஎஃப்8 அமைப்பு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. எம்பி4 (mb4) என்று முடியும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

எழுத்துமுறைகளுக்கான சர்வதேசத் தரப்பட்டியலில் கிளகோலிட்டிக்கின் எண் 225, சிரிலிக்கின் எண் 220, பழைய திருச்சபை ஸ்லாவோனியச் சிரிலிக் பாணிக்கு 221. நூலக விவரப் பதிவுகளில் இவற்றைக் கலந்துவிடாமல் இருப்பது நல்லது.

உரைக் கோப்போடு கூடவே ஒரு சிறு குறிப்புக் கோப்பும் வையுங்கள். எந்தச் சுவடி, எந்தப் பக்கம், எந்த யூனிகோடு பதிப்பு, மூன்று இ எழுத்துகளை எப்படிப் பிரித்தீர்கள், லத்தீன் வடிவங்களை என்ன செய்தீர்கள், ஒட்டெழுத்துகளைப் பிரித்த இடங்கள் எவை என்று எழுதி வையுங்கள். அடுத்து அதே சுவடியை எடுப்பவர் உங்கள் முடிவுகளை ஏற்காமல் போகலாம். என்ன முடிவு என்று தெரிந்தால் அவரால் ஒரே தேடலில் மாற்றிக்கொள்ள முடியும்.

முதல் பயிற்சிக்குச் சீனாய் மடத்துச் சுவடிகளையோ கீவ் ஏடுகளையோ எடுக்காதீர்கள். வட்டப் பாணியும் சுருக்கங்களும் சேர்ந்து திணறடித்துவிடும். பாஷ்காப் பலகையில் மொத்தமே 13 வரிகள்தான். நல்ல படமும் அறிஞர்களின் வாசிப்பும் எளிதில் கிடைக்கும். ஒரு வரியை ஏற்றி முடித்ததும், மேலே அடித்துப் பார்த்த 5 எழுத்துச் சொல்லை அந்தக் கோப்பில் தேடிப் பாருங்கள். மன்னரின் பெயர் வரும் வரியை ஏற்றியிருந்தும் அது அகப்படவில்லை என்றால் கடைசியில் உள்ள குற்றுயிரை முதலில் சரிபாருங்கள். பெரும்பாலும் யெருவுக்குப் பதில் யெரியோ ஷ்டாபிச்சோ அங்கே இருக்கும்.